பழைய கார் வாங்க எவ்வளவு பணம் வேண்டும்? மலைநாட்டில் இருப்பவர்களுக்கான எளிய கணக்கு

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியா வீதிகளில் பழைய கார்கள் அடிக்கடி கண்ணில் படும். 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியின் காலமும் அதுதான். வீதியோரம் நிறுத்தியிருக்கும் ஒரு மொரிஸ் மைனரைச் சுற்றி நான்கு பேர் கூடினால் ஒரே பேச்சுத்தான். "புதுக் காரோடு பார்த்தால் விலை ஒன்றுமே இல்லை. சாதாரண எஞ்சின், எந்த மெக்கானிக் பாஸும் கழற்றிப் பூட்டிவிடுவார். வைத்திருந்தால் விலையும் ஏறும்."

இந்தப் பேச்சில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. இதை அப்படியே நம்பிச் சேமிப்பு முழுவதையும் விற்பவரிடம் எண்ணிக் கொடுத்தவர்கள், சில மாதங்களில் காரைத் தறப்பாளுக்குள் மூடி வைத்துவிடுகிறார்கள். கார் மோசம் என்பதால் இப்படி நடப்பதில்லை. வாங்கும் விலையையே மொத்தச் செலவு என்று எண்ணியதால் நடக்கிறது. முதல் முறையாகப் பழைய கார் ஒன்றை வாங்க நினைப்பவர், பணத்தைக் கொடுக்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எதைக் கிளாசிக் கார் என்கிறோம்?

பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவா, 30 வருடங்களுக்குக் குறையாத, பழைய நிலை கெடாமல் பேணப்படும் வாகனத்தைச் சரித்திர வாகனம் என்று வகைப்படுத்துகிறது. அந்தக் கணக்கில் 1990களின் தொடக்கத்தில் வந்த ஜப்பானியக் கார்களும் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் நம் பக்கத்தில் கிளாசிக் கார் என்றதும் நினைவுக்கு வருபவை மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிஜ், மினி, வோக்ஸ்வேகன் பீட்டில், பழைய லேண்ட் ரோவர் ஆகியவைதான். தோட்டத்துத் துரைமாரும் டொக்டர் ஐயாமாரும் ஓட்டிய கார்கள். லயத்து வாசலிலிருந்து அந்தக் கார்கள் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தங்கள் சொந்த உழைப்பில் அவற்றை வாங்குகிறார்கள். அந்த ஆசைக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் அது பணக்கஷ்டத்தில் முடியக் கூடாது என்று நினைக்கிறேன்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் மைனரையே எடுத்துக்கொள்கிறேன். 1948இல் சந்தைக்கு வந்து 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கார் அது. இலங்கையில் குடும்பக் காராகவும் டாக்சியாகவும் ஓடியது. இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன.

ஒழுகும் கூரையும் வீட்டு விலையும்

ஹட்டனில் தகரக் கூரை போட்ட ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டை விட இரண்டு இலட்சம் குறைவு. வாங்கிக் குடியேறிய பிறகு மழை பெய்கிறது, நான்கு இடத்தில் ஒழுகுகிறது. ஏறிப் பார்த்தால் தகரம் முழுவதும் துரு. மாற்றுவதற்கு மூன்று இலட்சம் ஆகிறது. அப்படியானால் அந்த வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கினீர்களா?

முந்திய உரிமையாளர் கூரையை மாற்ற வேண்டிய வருடத்தில் மாற்றவில்லை. அந்தச் செலவு அங்கேயே தேங்கி நின்று, உறுதியில் கையெழுத்திட்ட அன்று உங்கள் தலையில் வந்துவிட்டது. புதுக் கூரை போட்டாலும் கணக்கு முடிவதில்லை. தகரம் இருபது வருடம் தாங்கும் என்றால், அதன் விலையில் இருபதில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் தேய்கிறது. கையிலிருந்து காசு போகாத வருடத்திலும் அந்தச் செலவு நடந்துகொண்டேதான் இருக்கிறது.

பழைய காரின் பணக் கணக்கு முழுவதும் இந்த இரண்டு எண்ணங்களில் அடங்கிவிடும். வாங்கும் நாளில் காருக்குள் ஏற்கெனவே நிற்கும் செலவுக்குத் தேங்கிய வேலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். வாங்கிய பிறகு ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் சேரும் செலவுக்காக எடுத்து வைக்கும் பணத்தைத் தேய்மான ஒதுக்கு என்போம்.

தேங்கிய வேலை: மலிவான கார் எப்படி விலை கூடுகிறது

இரண்டு மைனர்கள் விற்பனைக்கு நிற்கின்றன. ஒன்று 12 இலட்சம், மற்றது 20 இலட்சம். இவை சந்தை விலைகள் அல்ல, கணக்கைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட எண்கள். நீங்கள் பார்க்கும் காரின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் காரின் உரிமையாளர், "எஞ்சின் அருமை தம்பி, கொஞ்சம் டிங்கரிங் வேலை மட்டும்தான்" என்கிறார். அந்தக் கொஞ்சத்தைக் கராஜில் காட்டி விலை கேட்டால், தகட்டு வேலைக்கும் பெயின்டுக்கும் 7 இலட்சம், பிரேக்குக்கும் முன் சக்கர அமைப்புக்கும் ஒன்றரை இலட்சம், எஞ்சின் திருத்தத்துக்கு 3 இலட்சம், டயருக்கும் வயரிங்குக்கும் ஒன்றரை இலட்சம் என்று வருகிறது. எல்லாம் சேர்த்து 13 இலட்சம். வாங்கிய விலையோடு கூட்டினால் 25. இரண்டாவது காருக்கு டயரும் சில்லறை வேலைகளும் ஒன்றரை இலட்சம் என்றால் மொத்தம் 21½ இலட்சம்தான். விலை கூடிய கார்தான் மூன்றரை இலட்சம் மலிவு.

இது தற்செயல் இல்லை. தகட்டு வேலையும் பெயின்டும் கூலியால் ஆனவை. மொரிஸ் மைனருக்கும் விலை உயர்ந்த வேறொரு காருக்கும் பாஸின் நாட்கூலி ஒன்றுதான். ஆனால் வேலை முடிந்த மைனரை யாரும் அந்தக் கூலி முழுவதையும் சேர்த்து விலை பேசி வாங்க மாட்டார்கள். யாரோ ஒருவர் ஏற்கெனவே செலவழித்து முடித்த காரை வாங்குகிறவருக்கு அந்த உழைப்பில் ஒரு பங்கு இலவசமாகவே கிடைக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. துருப்பிடித்த தகட்டை வெட்டித் திறக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கராஜில் சொல்லும் தொகையோடு குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மேலதிகமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அது மிஞ்சினால் சந்தோஷம்.

சுருக்கமாக, கேட்கும் விலையோடு தேங்கிய வேலையின் தொகையையும் கூட்டிய பிறகுதான் இரண்டு கார்களை ஒப்பிட வேண்டும்.

தேங்கிய வேலை எங்கே ஒளிந்திருக்கும்?

மைனருக்குத் தனிச் செஸி கிடையாது. உடலும் அடித்தளமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கார் அது. ஆகவே அதில் துரு என்பது அழகுப் பிரச்சினை இல்லை, எலும்பே இற்றுப்போவது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, ஜக் வைக்கும் இடங்கள், பின் சக்கர வில் தகடுகள் உடலோடு சேரும் இடங்கள், ஓட்டுநரின் காலடித் தரை ஆகியவற்றை முதலில் பாருங்கள். காலடிக் கம்பளத்தைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் தகட்டையும் சந்தேகப்படுங்கள். மெல்லிய துணியில் ஒரு சிறு காந்தத்தைச் சுற்றி மட்காட்டின் ஓரத்திலும் கதவின் அடியிலும் மெதுவாக நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் இழுக்கும். பட்டி என்ற நிரப்புப் பசையை அப்பிய இடத்தில் பிடி தளர்ந்து வழுக்கும். பளபளப்பான பெயின்ட் எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது முன் சக்கரம். மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் கம்பி, மேலும் கீழும் மரை வெட்டிய இரும்புக் கட்டைகளில் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. ஒழுங்காகக் கிரீஸ் அடித்தால் நெடுங்காலம் இருக்கும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சக்கரம் உள்ளே மடிந்து காரின் மூக்கு தார் வீதியில் உட்கார்ந்துவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம் இது. முன் பகுதியை ஜக்கில் தூக்கி, சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அந்தச் செலவையும் பட்டியலில் எழுதுங்கள். கிரீஸ் அடிக்கச் சில நூறு ரூபாய் போதும். அடிக்காமல் விட்டதன் விலையை வளைவுகள் நிறைந்த நம் வீதிகளில் பணத்தால் மட்டும் கணக்கிட முடியாது.

மூன்றாவது, பத்திரங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் காரில் பொறித்திருப்பவையும் ஒன்றாக இருக்க வேண்டும். பல பழைய கார்களில் இடையில் யாரோ ஜப்பானிய எஞ்சினை மாற்றியிருப்பார்கள். மாற்றியதில் தவறில்லை, ஆனால் அது பதிவில் ஏறியிருக்க வேண்டும். உரிமையை மாற்றாமல் கையெழுத்திட்ட பத்திரங்களோடு மட்டும் பல கை மாறி வந்த கார்களும் உண்டு. சான்றிதழில் உள்ள உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுகளைத் தேடி அலைய நேரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டைச் சரிபார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பத்திரச் சிக்கலும் தேங்கிய வேலைதான், பல சமயங்களில் தகட்டு வேலையை விட நீளமானது.

எந்தக் கார் என்பதே பாதிச் செலவைத் தீர்மானிக்கும்

மைனர், மினி, பீட்டில் ஆகியவை உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்பனையானவை. அவற்றுக்கு இன்றும் புதிய பாகங்கள் தயாராகின்றன. மைனருக்கான பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியானதும் உண்டு. பழைய பாகங்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகள் இருக்கின்றன. அரிதான ஒரு காரை வாங்கினால், அதன் முன் கண்ணாடி ஒன்று உடைந்தாலே மாதக்கணக்கில் கார் நிற்கும். அரிய கார் சில சமயம் குறைந்த விலைக்கு வருவதற்கு அதுவே காரணம். முதல் காராக எல்லோரிடமும் இருக்கும் காரையே வாங்குங்கள் என்பேன்.

வருடச் செலவு: ஓடினாலும் ஓடாவிட்டாலும்

இனி வாங்கிய பிறகு வரும் செலவுகள். கார் ஓடாமல் நின்றாலும் கட்ட வேண்டியவை நிலைச் செலவு. ஓடினால் மட்டும் வருபவை ஓட்டச் செலவு.

நிலைச் செலவில் முதலாவது காப்புறுதி. மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். உங்கள் காருக்கும் சேர்த்து முழுக் காப்புறுதி எடுக்க விரும்பினால், காரின் பெறுமதியை நிறுவனம் எப்படிக் கணிக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதுப்பிக்க 20 இலட்சம் செலவழித்த காரை, வயதைக் காரணம் காட்டிச் சில இலட்சத்துக்கு மதிப்பிட்டால் அந்தக் காப்புறுதியால் பயனில்லை. பிறகு புகைப் பரிசோதனை, அதையும் காப்புறுதியையும் காட்டிப் பெறும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம். இவற்றோடு காரை நிறுத்தக் கூரையுள்ள இடம்.

ஓட்டச் செலவில் எல்லோரும் பெற்றோலைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுக்கும் காரில் பெற்றோல் பெரிய தலைவலி இல்லை. மூன்றாவது ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தேய்மான ஒதுக்கு.

கார் ஓடாவிட்டால் தேயாது என்பது மிகப் பரவலான தப்பெண்ணம். இரும்பு ஓட்டத்தால் தேய்கிறது, ரப்பரோ வயதால் தேய்கிறது. பட்டன், அதாவது மேல் வெட்டு, இன்னும் ஆழமாக இருக்கும் டயரும் வருடங்கள் கடந்தால் இறுகி, பக்கவாட்டில் வெடிப்பு விடும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரேடியேட்டர் குழாய்கள், விசிறிப் பட்டி, பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள், பற்றரி எல்லாமே நின்ற இடத்தில் கெடும். வருடம் முழுவதும் நின்ற காருக்கு, ஓடிய காரை விடக் கூடுதல் செலவு வந்தாலும் வியக்க வேண்டாம்.

ஒதுக்கைக் கணக்கிடுவது எளிது. ஒவ்வொரு பொருளின் விலையையும் அது தாங்கும் வருடங்களால் வகுக்க வேண்டும். மறுபடியும் உதாரண எண்கள்தான். ஐந்து டயர் ஒரு இலட்சம், 6 வருடம் தாங்கும். வருடத்துக்கு ஏறக்குறைய 16,700 ரூபாய். பற்றரி 30,000, மூன்று வருடம், வருடத்துக்கு 10,000. ரப்பர் பாகங்கள் 40,000, நான்கு வருடம், மீண்டும் 10,000. எஞ்சின் திருத்தம் 4 இலட்சம், 16 வருடத்துக்கு ஒருமுறை, 25,000. தகட்டு வேலையும் பெயின்டும் 5 இலட்சம், பத்து வருடத்துக்கு ஒருமுறை, 50,000. கூட்டினால் வருடத்துக்கு 1,11,700. மாதத்துக்கு 9,300 ரூபாய் அளவில் வரும்.

இந்த 9,300ஐ யாரும் உங்களிடம் கேட்டு வர மாட்டார்கள். அதனால்தான் அது மறந்துபோகிறது. தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, சம்பளம் வந்த அன்றே அதில் போடுங்கள். பத்தாவது வருடத்தில் பெயின்ட் செய்ய வேண்டியபோது அது கடனாக வராமல், வங்கியில் ஏற்கெனவே இருக்கும் பணமாக வரும்.

வருடச் செலவு என்பது நிலைச் செலவு, ஓட்டச் செலவு, தேய்மான ஒதுக்கு மூன்றும் சேர்ந்தது. மூன்றாவதைக் கட்ட முடியாதென்றால், கார் இன்னும் உங்கள் வருமானத்துக்குள் வரவில்லை என்றே பொருள்.

மலைநாடு சேர்க்கும் செலவுகள்

கொழும்பிலோ நீர்கொழும்பிலோ இருப்பவர் போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் பொருந்தாது. நம் வீதியும் காற்றும் மழையும் வேறு.

முதலில் காற்று. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. கார்புரேட்டர் என்பது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி. பழைய கார்புரேட்டருக்கு உயரத்தை உணர்ந்து தன்னைத் தானே மாற்றிக்கொள்ளத் தெரியாது. கடல் மட்டத்தில் சரிப்படுத்திய காரை 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஓட்டினால், காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுந்த கலவையே எஞ்சினுக்குள் போகும். ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், பெற்றோல் வீணாகும், புகைப் பரிசோதனையில் தோற்கும். எஸ்யூ கார்புரேட்டர் உள்ள காரில் அடியில் இருக்கும் ஒரு நட்டைத் திருகிக் கலவையை மாற்றலாம். செய்யத் தெரிந்தவருக்குச் சிறிய வேலை. ஆனால் கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும், அந்த உயரத்தில் எஞ்சினின் வலு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை என்று எஞ்சினைக் கழற்றச் சொல்லும் முன் இதை நினைவில் வையுங்கள். தேவையில்லாத ஓர் எஞ்சின் திருத்தம் மிச்சமாகலாம்.

இரண்டாவது வெப்பம். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை உயர்த்துவது அதன் வேலை. அதன் வில்லோ ரப்பரோ தளர்ந்தால், கினிகத்தேனையிலிருந்து இரண்டாம் கியரில் இழுத்துக்கொண்டு ஏறும் எஞ்சின் நடுவழியில் கொதிக்கும். தொடர்ந்து ஓட்டினால் எஞ்சினின் மேல் பகுதியான சிலிண்டர் ஹெட் வளையும். மூடி மலிவு, ஹெட் வேலை பெருஞ்செலவு. ஆகவே நம் பக்கத்தில் மூடி, குழாய், விசிறிப் பட்டி, தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றை உடையும் வரை காத்திராமல் காலம் பார்த்து மாற்றுவதற்குப் பட்ஜெட்டில் தனி வரி எழுதுங்கள். ரேடியேட்டரே இல்லாமல் காற்றால் குளிரும் பீட்டிலுக்கு இந்தச் செலவு கிடையாது. ஆனால் அதன் விசிறிப் பட்டி அறுந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது இறக்கம். எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கவலை இதுதான். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம் குறைகிறது. காரையும் அதிலிருப்பவர்களையும் தாங்கி இறக்கும் அந்தச் சக்தி முழுவதும் எஞ்சினின் எதிர்ப்பிலும் பிரேக்கின் சூட்டிலும்தான் கழிய வேண்டும். மைனரில் நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். ட்ரம்முக்குள் சேரும் சூடு லேசில் வெளியேறாது. சூடு ஏற ஏறப் பிடிமானம் குறையும்.

பிரேக் ஒயிலின் கதை இங்கேதான் வருகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டொட் 3 வகைப் புதிய ஒயில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் சேர்ந்த ஒயிலுக்கு அதே விதி கேட்பது 140 பாகைதான். மாற்றாமலே விட்ட ஒயில் அதற்கும் கீழே போகலாம். இறக்கத்தில் சூடேறி ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் தோன்றும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. ஆகவே மிதித்த மிதி தரை வரை போகும், கார் நிற்காது. வருடம் முழுவதும் பனியும் தூறலும் உள்ள ஊரில் இந்த ஈரம் வேகமாகவே சேரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுவதும் மாற்றுவது கட்டாயச் செலவு. எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய சாரதிமார் சொல்வதும் இதற்காகத்தான்.

நான்காவது ஏற்றமும் ஈயமும். 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. எல்லோருடைய ஆரோக்கியத்துக்கும் அது நல்லது. ஆனால் பழைய எஞ்சின்களில் வால்வு வந்து உட்காரும் விளிம்பை அந்த ஈயத்தின் மெல்லிய படிவு காத்து வந்தது. அது இல்லாமல் பாரம் ஏற்றி நீண்ட நேரம் மலை ஏறினால் அந்த விளிம்பு தேயும். கடினமான உலோக வளையங்களைப் பதிப்பதே பரிகாரம். வாங்கும் காரில் அது செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது சேர்த்துச் செய்யத் தொகை ஒதுக்குங்கள். இதற்காக மட்டும் இன்றே கழற்றத் தேவையில்லை.

கடைசியாக ஈரம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரைப் பொலித்தீனாலோ தறப்பாளாலோ இறுக மூடினால், மழை வெளியே நிற்கும், தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளே நிற்கும். காலையில் உள்பக்கம் தொட்டால் கை நனையும். அந்த நீர்தான் தகட்டின் மூட்டுகளில் இறங்குகிறது. சுவரில்லாவிட்டாலும் பரவாயில்லை, கூரையும் சீமெந்துத் தரையும் காற்றோட்டமும் உள்ள ஒரு கொட்டில் போதும். கொட்டில் போடும் செலவைக் காரின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கொரு தகட்டு வேலை பதினைந்து வருடத்துக்குத் தள்ளிப்போனால், முன்பு போட்ட கணக்கில் வருடத்துக்கு 50,000 என்றிருந்த வரி 33,000 அளவுக்கு இறங்கிவிடும். கொட்டிலின் செலவு சில வருடங்களில் திரும்பி வந்துவிடும்.

விலை ஏறும் என்பது எவ்வளவு உண்மை?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டிலிருந்த எல்லா வாகனங்களின் விலையும் ஏறியது, பழைய கார்களும் அதில் சேர்ந்தே ஏறின. 2022இல் ரூபாயின் மதிப்புச் சரிந்தபோது விலைகள் மேலும் எகிறின. 'வைத்திருந்தால் ஏறும்' என்ற நம்பிக்கை பெரும்பாலும் அந்த வருடங்களின் அனுபவத்திலிருந்து வந்தது.

ரூபாய் இறங்கினால் காரின் விலை மட்டுமா ஏறும்? டயரும் பற்றரியும் இறக்குமதிப் பாகங்களும் அதே வேகத்தில் ஏறும். ஐந்து லட்சத்துக்கு வாங்கியது பத்துக்குப் போனது என்று சொல்பவரிடம், இடையில் அதற்கு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பில் இருக்காது. விலை ஏறினால் நல்லதுதான். ஆனால் பட்ஜெட்டில் வரவுப் பக்கத்தில் அதை எழுதாதீர்கள். நிதி நிறுவனங்கள் பழைய வாகனத்துக்கு எளிதில் கடன் தருவதில்லை. ஆகவே நகையை அடகு வைத்தோ தனிநபர் கடன் எடுத்தோ வாங்க நினைப்பவர்கள், அந்த வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். வட்டி கட்டி வாங்கும் பழைய கார் ஒருபோதும் முதலீடு ஆகாது.

முதல் வருடப் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விற்பவரிடம் கொடுக்காதீர்கள். 18 இலட்சம் இருந்தால் 12 இலட்சத்துக்குள் கார் தேட வேண்டும். அந்த விலையில் தேங்கிய வேலை குறைந்த மைனர் கிடைக்காவிட்டால், ஒரு வருடம் பொறுத்துச் சேர்க்கலாம். அல்லது சிறிய, எளிய வேறு மாதிரியைப் பார்க்கலாம்.

மிஞ்சிய பங்கில் முதலில் பிரேக்: சிலிண்டர் ரப்பர்கள், குழாய்கள், லைனிங், புதிய ஒயில். அடுத்து ஸ்டியரிங்கும் முன் சக்கர மரைக் கட்டைகளும் டயரும். பிறகு ரேடியேட்டரும் அதன் குழாய்களும். அதன் பிறகு வயரிங், ஏனென்றால் துணி சுற்றிய பழைய வயர்கள் உரசிப் பற்றிக்கொண்டால் காரே மிஞ்சாது. தகட்டில் ஓட்டை இருந்தால் அதை வெட்டி அடைக்கும் வேலை இதற்குள் வர வேண்டும். எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடித்தாலும், சத்தம் சீராக இருந்தால் அடுத்த வருடத்துக்கு விடலாம்.

இருக்கைத் தோல், குரோம் பூச்சு, பெயின்ட் ஆகியவை வரிசையின் கடைசி. பெரும்பாலோர் நேர்மாறாகச் செய்கிறார்கள், வாங்கிய மாதமே பெயின்ட் கடைக்குப் போகிறார்கள். பிறகு பிரேக் குழாய் மாற்றும்போதும் தகட்டை வெட்டும்போதும் அந்தப் புதுப் பெயின்ட் கீறி, பொங்கி, இரண்டாவது முறையும் அடிக்க வேண்டியதாகிறது.

ஒவ்வொரு செலவின் பில்லையும், பில் கிடைக்காத கூலி வேலைக்கு நாளையும் தொகையையும் எழுதிய தாளையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். முதல் வருடம் முடிந்ததும் அந்தக் கோப்பைப் பார்த்து, நீங்கள் ஊகித்துப் போட்ட எண்களை அழித்துவிட்டு உண்மையான எண்களை எழுதுங்கள். இரண்டாம் வருடத்தின் மாத ஒதுக்கை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.